காற்றின் கோலும் கடலடி அரசும்

இம்மலரின் பக்கங்களில் வீடியோ விளையாட்டு ஒன்றைப் பற்றிய கட்டுரை இடம்பெறுவது பெரியோர் சிலருக்கு வியப்பளிக்கலாம். சிலருக்கு வருத்தமும் அளிக்கலாம். மாணவரின் பொழுதை விழுங்கும் பொருள் என்ற அளவிலேயே நம்மில் பலர் அதனை அறிந்துள்ளோம். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். நம் மாணவர் சிலர், "ஒருமுறை பார்த்துவிட்டுப் பிறகு சொல்லுங்கள் ஐயா" என்று வற்புறுத்தியமையால், கடலும் கார்ட்டூன் உருவங்களும் நிறைந்த ஓர் ஆட்டத்தை அதன் தொடக்கம் முதல் இறுதிவரை திரையில் ஓடக் கண்டோம். சிறுவருக்கான பொம்மைப்படம் என்று நினைத்து அமர்ந்த நாம், தன் நாட்டின் பழம்பெருமையைத் தன் கையாலேயே கடலுக்குக் கொடுத்துவிடும் ஒரு முதிய மன்னனின் கதையைக் கண்டு எழுந்தோம். இவ்வளவு கனமான பொருளை அவ்வளவு எளிய ஓவியத்தில் வைத்தது ஏன் என்னும் வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

ஜப்பானின் கியோட்டோ நகரைத் தலைமையிடமாகக் கொண்ட நின்டெண்டோ நிறுவனம், 'தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா' என்னும் வரிசையை 1986 ஆம் ஆண்டில் தொடங்கியது. பச்சைச் சட்டையும் நீண்ட குல்லாயும் அணிந்த லிங்க் என்னும் இளைஞன் தீயோனை வென்று ஸெல்டா என்னும் இளவரசியையும் ஹைரூல் என்னும் நாட்டையும் காப்பதே அவ்வரிசையின் பொதுவான கதை. அதில் ஒன்றே 'தி விண்ட் வேக்கர்'. ஜப்பானில் 2002 டிசம்பரிலும், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 2003 ஆம் ஆண்டிலும், கேம்கியூப் என்னும் ஆட்டப்பொறிக்காக இது வெளியாயிற்று. ஜப்பானியப் பெயரில் உள்ள 'தக்தோ' என்னும் சொல், இசைக்குழுவை நடத்துபவர் கையில் ஏந்தும் மெல்லிய கோலைக் குறிக்கும். 'காற்றின் கோல்' என்று நாம் அதனைத் தமிழ்ப்படுத்திக்கொள்ளலாம். எய்ஜி ஆவோனுமா இதனை இயக்கினார். வரிசையைத் தோற்றுவித்தோரான ஷிகெரு மியமோட்டோவும் தகாஷி தெசுகாவும் தயாரிப்பாளர்களாக இருந்தனர்.

கோடும் வண்ணமும்

இந்த ஆட்டம் வெளிவருவதற்கு முன்பே வசைபெற்றது என்பது அதன் வரலாற்றில் முதலில் அறியத்தக்கது. 2000 ஆகஸ்டில் நின்டெண்டோ நடத்திய கண்காட்சியில், புதிய பொறியின் ஆற்றலைக் காட்டுவதற்காகச் சில நொடிப் படம் ஒன்று திரையிடப்பட்டது. அதில் லிங்கும் அவன் பகைவன் கேனன்டார்ஃபும், மனித உருவை மிக ஒத்த தோற்றத்தில் வாட்போர் புரிந்தனர். அடுத்த ஆட்டம் இப்படித்தான் இருக்கும் என்று பார்த்தோர் தாமே முடிவு செய்துகொண்டனர். ஓராண்டு கழித்து, 2001 ஆகஸ்டில், உண்மையான ஆட்டத்தின் காட்சிகள் வெளியாயின. பெரிய தலையும், தட்டுப்போன்ற கண்களும், குட்டைக் கால்களும் உடைய சிறுவன் ஒருவன் அதில் துள்ளி ஓடினான். எதிர்பார்த்தோர் பலர் ஏமாற்றமும் சினமும் கொண்டனர். கையால் வரையும் அசைபடத்திற்குப் பயன்படும் ஒளிபுகு தாளை ஆங்கிலத்தில் 'செல்' என்பர். அச்சொல்லை வைத்து 'ஸெல்டா'வைச் 'செல்டா' என்று திரித்து எள்ளினர். தாம் குழந்தைப் பருவத்தில் ஆடிய வீரன் தம்மோடு சேர்ந்து வளராமல் மீண்டும் குழந்தையாகிவிட்டானே என்பதே அச்சினத்தின் வேர் என்று நமக்குத் தோன்றுகிறது. அது முற்றிலும் தவறான உணர்வு என்றும் நாம் சொல்லமாட்டோம்.

ஆயின், அந்த ஓவியமுறை எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தல் வேண்டும். 1998 இல் வந்த 'ஒகரினா ஆஃப் டைம்', 2000 இல் வந்த 'மஜோராஸ் மாஸ்க்' ஆகிய இரண்டிற்கும் பின்னர், அதே வழியில் இன்னும் நுட்பமாக வரைந்துகொண்டு போவதால் புதிதாக என்ன கிடைக்கும் என்னும் ஐயம் ஆவோனுமாவின் குழுவினரிடையே எழுந்தது. அப்போது யோஷிகி ஹருஹனா என்னும் ஓவியர் சிறுவன் லிங்கின் படத்தைக் கார்ட்டூன் முறையில் வரைந்து காட்டினார். சதோரு தகிஸாவா அதே முறையில் பகையுருவங்களை வரைந்தார். இவ்வுருவங்கள் அசைந்தால் எத்தனை வகையாக அசையும் என்பதைக் கண்ட குழுவினர், ஆட்டம் முழுவதையும் இவ்வழியிலேயே அமைக்க முடிவு செய்தனர். ஆவோனுமா டோக்கியோவில் நுண்கலை பயின்றவர். மாணவப் பருவத்தில் பொறியால் அசையும் பொம்மைகளைச் செய்தவர். பொம்மைக்கு முகத்தசை வேண்டியதில்லை, தலையை ஒரு பக்கம் சாய்த்தாலே துயரம் வந்துவிடும் என்பதை அத்தகைய கைகள் அறிந்திருக்கும் அல்லவா!

இம்முறையின் இயக்கத்தைச் சுருக்கமாக விளக்குவோம். கணினி முப்பரிமாண உருவம் ஒன்றை வரையும்போது, விளக்கொளி படும் பக்கத்திலிருந்து படாத பக்கத்திற்கு வண்ணம் சிறிது சிறிதாக மங்குமாறு கணக்கிடுவது வழக்கம். பழத்தின் உருட்சியை ஓவியர் காட்டுவதும் இவ்வாறே. 'செல் ஷேடிங்' என்னும் முறையிலோ இம்மங்கல் படிப்படியாக நிகழ்வதில்லை. குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒளி விழுந்தால் ஒரு வண்ணம்; குறைந்தால் மற்றொரு வண்ணம். இடையே கத்தியால் வெட்டியதுபோன்ற எல்லை. உருவம் முப்பரிமாணத்தில் இருந்தும், கண்ணுக்குக் கோட்டோவியம்போலத் தட்டையாகத் தோன்றுவது இதனாலேயே.

இதனால் விளைந்த பயன்கள் சில உண்டு. லிங்க் பேசுவதில்லை, அவ்வரிசையின் மரபு அது. ஆகவே அவன் கண்களே பேசவேண்டும். பெரிய கண்கள் ஆதலின், அவை எப்பக்கம் திரும்புகின்றன என்பது தொலைவிலிருந்தும் தெரியும். அறையொன்றில் மறைந்துள்ள பொருளை நோக்கி அவன் விழி திரும்பும். ஆடுபவர் அப்பார்வையைப் பின்தொடர்ந்து புதிருக்கு விடை காண்பார். அறிவிப்புப் பலகையோ அம்புக்குறியோ தேவைப்படுவதில்லை. பகைவரும் அப்படியே. ஈட்டி கைநழுவிய காவலன் போரை மறந்து அதனை எடுக்க ஓடுவான். வெடி வெடித்தால் புகை சுருள் சுருளாகக் கோலமிட்டு எழும். எல்லாவற்றினும் மேலாக, கண்ணுக்குத் தெரியாத காற்று இங்கே தெரிகிறது. வெண்மையான மெல்லிய கோடு ஒன்று வானில் தோன்றி, ஒரு சுழி சுழித்து மறையும். காற்று எத்திசையில் வீசுகிறது என்பதற்கு அக்கோடே சான்று. உண்மைபோல வரையப்பட்ட வானத்தில் அப்படியொரு கோட்டை இழுத்தால் அது கறையாகத் தோன்றியிருக்கும்.

கடற்பரப்பு

ஆட்டத்தின் பெரும்பகுதி கடலில் நிகழ்வது. அதன் வரைபடம் நெடுக்கில் ஏழும் குறுக்கில் ஏழுமாக 49 கட்டங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. கட்டந்தோறும் ஒரு தீவேனும் உண்டு. தொடக்கத்தில் வரைபடத்தின் பெரும்பகுதி வெறுமையாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் துள்ளித் திரியும் மீன் ஒன்றைக் கண்டு இரை தூவினால், அம்மீன் தூரிகையை எடுத்து அக்கட்டத்தின் தீவை வரைந்து தரும். அப்பகுதி பற்றிய செய்தி ஒன்றையும் சொல்லிவிட்டுப் போகும். கடலை அறிந்தவர் கடலில் வாழ்வோரே என்னும் எளிய உண்மை இதில் அடங்கியிருக்கிறது.

லிங்கின் மரக்கலம் செந்நிறச் சிங்கமுகம் கொண்ட சிறு படகு. அது பேசும். வணிகத் தீவு ஒன்றில் பாய் வாங்கிக் கட்டிய பின்னரே அது நகரும். பின்காற்று வீசினால் படகு விரையும், எதிர்க்காற்றாயின் தளர்ந்துவிடும். ஆகவே லிங்க் காற்றின் கோலைக் கையிலெடுக்கிறான். மூன்று, நான்கு, ஆறு என்னும் தாள அளவுகளில் கோலை மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைத்தால் பாடல் பிறக்கும். ஒரு பாடல் காற்றின் திசையை மாற்றும். எட்டுத் திசைகளில் வேண்டிய ஒன்றை ஆடுபவர் தேர்ந்துகொள்ளலாம். மற்றொரு பாடல் சூறாவளியை எழுப்பிப் படகைத் தொலைதூரத் தீவில் சேர்க்கும். கொண்டல், கச்சான், சோழகம், வாடை என்று காற்றுக்குப் பெயரிட்டு, அது திரும்பும் நாளுக்காகக் கரையில் காத்திருந்த மக்களின் வழிவந்தோர் நம் வாசகரில் பலர். காற்றைக் கோலால் திருப்பும் இவ்வசதியைக் கண்டு அவர்கள் முறுவலிக்கக்கூடும்.

இக்கடலில் கடற்பறவைகள் ஓரிடத்தில் வட்டமிட்டால், நீருக்கடியில் பேருருவ எண்காலி பதுங்கியுள்ளது என்று பொருள். நீர்மேல் ஒளிவளையம் தெரிந்தால், கொக்கியை இறக்கிப் பெட்டகத்தை மேலே இழுக்கலாம். பகலில் பாய் விரித்ததும் எழும் உற்சாகமான இசை இரவில் அடங்கி, அலையோசை மட்டும் எஞ்சும். கெந்தா நகாதா, ஹஜிமே வகாய், தோரு மினெகிஷி, கோஜி கோண்டோ ஆகிய நால்வர் அமைத்த இவ்விசையில் அயர்லாந்து நாட்டுப்புற இசையின் சாயல் உண்டு. வாள் பகைவன்மேல் படும் ஒவ்வோர் அடிக்கும் இசைக்குழுவிலிருந்து ஒரு சுரம் எழுவதையும் நம் மாணவர் சுட்டிக்காட்டினர். அவர்கள் சொல்லியிராவிடில் நாம் கவனித்திருக்கமாட்டோம்.

குறைகளும் உள. தீவுக்கும் தீவுக்கும் இடையே பயணம் மிக நீளுகிறது. கடல் பரந்தது என்று உணர்த்துவதற்கு அவ்வளவு நேரம் தேவை என்று வாதிடலாம். எனினும் பத்தாம் முறை அதே வழியில் போகும்போது அவ்வாதம் வலுவிழக்கிறது. கதையின் பிற்பகுதியில், ட்ரைஃபோர்ஸ் என்னும் தெய்வப்பொருளின் எட்டுத் துண்டுகளைக் கடலடியிலிருந்து எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முதலில் ஒரு வரைபடம் தேடி, அதனைப் படித்துச் சொல்ல டிங்கிள் என்னும் பேராசைக்காரனுக்கு 398 ரூபீ கொடுத்து, பின்பு அவ்விடம் சென்று கொக்கியிட வேண்டும். எட்டுமுறையும் இதே கதை! நேரமின்மையால் இரண்டு நிலவறைப் பகுதிகளைக் கைவிட்டதாகப் பின்னாளில் ஆவோனுமாவே ஒப்புக்கொண்டார். அந்த இடைவெளியை நிரப்பவே இத்தேடல் நீட்டப்பட்டதோ என்னும் ஐயம் நமக்கு உண்டு. 2013 இல் வீ யூ என்னும் பொறிக்காக இதனைப் புதுப்பித்தபோது, எத்திசையிலும் விரைந்து செல்ல உதவும் பாய் ஒன்றைச் சேர்த்தனர். துண்டுகளில் ஐந்தை வரைபடமின்றி நேரே பெறுமாறும் செய்தனர்.

மூழ்கிய அரசு

இனிக் கதைக்கு வருவோம். தொடக்கத்தில், பழைய ஏட்டோவியம்போல் அமைந்த படங்களில் ஒரு வரலாறு காட்டப்படுகிறது. முன்னொரு காலத்தில் ஹைரூல் நாட்டைத் தீயோன் கவர்ந்தான், பச்சை ஆடை அணிந்த வீரன் தோன்றி அவனை அடக்கினான், பின் மறைந்துபோனான். தீயோன் மீண்டும் எழுந்தபோது வீரன் வருவான் என்று மக்கள் காத்திருந்தனர். வீரன் வரவில்லை. தெய்வங்களை வேண்டினர். கடல்கோள் நிகழ்ந்தது. நாடு தீயோனோடு சேர்த்து நீரில் மூழ்கி முத்திரையிடப்பட்டது. தெரிந்தெடுக்கப்பட்டோர் மட்டும் மலையுச்சிகளுக்கு ஏறித் தப்பினர். அவ்வுச்சிகளே இன்றைய தீவுகள். காலப்போக்கில், தம் காலடியில் ஒரு நாடு கிடப்பதையே மக்கள் மறந்தனர்.

நினைவில் எஞ்சியது ஓர் ஆடை மட்டும். சிறுவர்கள் அப்பழைய வீரனின் வயதை எட்டும் நாளில் அவனைப்போலப் பச்சை உடுத்துவது லிங்கின் தீவில் வழக்கம். ஏன் உடுத்துகிறோம் என்பது தெளிவாகத் தெரியாது. ஆயினும் பாட்டி தைத்துக் கொடுத்துவிடுகிறாள். வெயிலில் அது கனக்கிறது என்று லிங்க் முகம் சுளிக்கிறான். அந்நாளிலேயே அவன் தங்கை ஏரிலைப் பெரும்பறவை ஒன்று தூக்கிச் செல்கிறது. தங்கையை மீட்கவே அவன் புறப்படுகிறான்; நாட்டைக் காக்க அல்ல. அவனுக்கு நாடு என்று ஒன்று இருந்ததே தெரியாது. பேரன் பேத்தி இருவரையும் பிரிந்த பாட்டி நோயுற்றுப் படுக்கிறாள். அவன் இடையில் திரும்பி வந்து அவளைத் தேற்றும்வரை அந்நிலை மாறுவதில்லை. நாம் கண்டவற்றுள் மிகவும் நெஞ்சைத் தொட்டது அக்காட்சிதான். போர் எதுவுமில்லை, கட்டிலில் ஒரு மூதாட்டி, அவ்வளவே.

பயணத்தின் நடுவில் படகு அவனைக் கடலடிக்கு இட்டுச்செல்கிறது. ஹைரூல் அரண்மனை அங்கே நிறமிழந்து, காலம் உறைந்து நிற்கிறது. கடற்கொள்ளையர் தலைவியாக இருந்த டெட்ரா என்னும் பெண்ணே அவ்வரசகுலத்தின் வழித்தோன்றலான ஸெல்டா என்பதும், பேசும் படகே அந்நாட்டின் இறுதி மன்னன் டாப்னெஸ் என்பதும் அங்கு வெளிப்படுகின்றன. மெட்லி, மகார் என்னும் இளையோர் இருவர், கொல்லப்பட்ட பழைய ஞானியரின் இடத்தில் அமர்ந்து, இருண்ட கோயில்களில் தங்கி வழிபட நேர்கிறது. ஒருத்தி யாழையும் மற்றவன் வயலினையும் கையில் ஏந்தியவர்கள். முதியோர் முடிக்காமல் விட்ட கடமையை இளையோர் சுமப்பது இக்கதை முழுவதும் ஓடும் இழை.

கேனன்டார்ஃபின் பங்கும் கருதத்தக்கது. இறுதியில் அவன் தன் கதையைக் கூறுகிறான். அவன் பிறந்தது பாலைநிலம். பகலில் எரிக்கும் காற்று, இரவில் உறையச்செய்யும் காற்று; எக்காற்று வீசினும் அது சாவையே கொண்டுவந்தது. ஹைரூலின் பசும்புல் வெளியில் வீசிய காற்றோ வேறொன்றைக் கொண்டுவந்தது. அக்காற்றின்மீதே தான் ஆசை கொண்டதாக அவன் சொல்கிறான். காற்றைப் பெயராகக் கொண்ட ஆட்டத்தில், தீயோனின் தீமைக்கும் காற்றே காரணமாயிற்று. அவனைக் குற்றமற்றவன் என்று கதை சொல்லவில்லை. ஆயினும் அவன் வாய்மொழியைக் கேட்ட பின் அவனை முன்போல் வெறுக்க இயலவில்லை.

பழைய நாட்டை மீண்டும் வெளிக்கொணர வேண்டும் என்று கேனன்டார்ஃப் ட்ரைஃபோர்ஸை நோக்கிக் கை நீட்டுகிறான். அவன் தொடுமுன் மன்னன் டாப்னெஸ் தொட்டுவிடுகிறான். தொட்டவன் வேண்டுவது யாரும் எதிர்பாராதது: ஹைரூல் நீரோடு போகட்டும், இப்பிள்ளைகளுக்கு எதிர்காலம் கிடைக்கட்டும் என்பதே அவன் வேண்டுதல். முத்திரை உடைந்து, மேலிருந்து கடல் கொட்டுகிறது. கொட்டும் நீரின் நடுவே நடக்கும் போரில் கேனன்டார்ஃப் கல்லாகிறான். தானும் அவனைப்போலவே பழைய நாட்டோடு கட்டுண்டு வாழ்ந்தவன் என்று மன்னன் பிள்ளைகளிடம் வருந்துகிறான். பகைவர் இருவரும் விரும்பியது ஒரே நாட்டை. ஒருவனால் அதனை விட முடிந்தது, மற்றவனால் முடியவில்லை. நாம் புதிய நிலம் தேடுவோம், நீங்களும் வாருங்கள் என்று ஸெல்டா அழைக்கிறாள். அந்த நிலம் ஹைரூல் அன்று, அது உங்களுடையது என்று சொல்லி மன்னன் மறுக்கிறான். லிங்க் கை நீட்டுகிறான். எட்டவில்லை. மன்னன் தன் நாட்டோடு கீழே போய்விடுகிறான்.

உண்மைபோன்ற உருவங்களில் இக்காட்சியை வரைந்திருந்தால், மன்னனின் தாடியையும் கவசத்தையும் நீர்த்துளியையும் பார்த்துக் கண் நின்றிருக்கும். இங்கு அவை யாவும் சில கோடுகளே. ஆதலின் நம் கண் நேராக அந்த நீட்டிய சிறு கையில் போய் நிற்கிறது.

வெளிவந்த பின் இந்த ஆட்டத்திற்குக் கிடைத்த வரவேற்பு, முன்னர் எழுந்த ஏளனத்திற்கு மாறானது. ஜப்பானின் 'ஃபாமிட்சு' இதழ் 40க்கு 40 மதிப்பெண் வழங்கியது; அதற்குமுன் அவ்வாறு பெற்ற ஆட்டங்கள் மூன்றே. எனினும் எதிர்ப்புக் குரலும் ஓயவில்லை. 2006 இல் வந்த 'ட்வைலைட் பிரின்ஸஸ்' மீண்டும் மனித உருவை ஒத்த ஓவியத்துக்குத் திரும்பியது. அன்று மெய்யுருவம் என்று புகழப்பட்ட பல ஆட்டங்களின் முகங்கள் இன்று நமக்கு மரப்பாச்சிகளாகத் தெரிய, 2002 இல் வரைந்த லிங்கின் முகம் மட்டும் அன்று போலவே இருக்கிறது என்று மாணவர் கூறினர். படங்களை ஒன்றன்பக்கம் ஒன்றாக வைத்துக் காட்டினர், நாமும் உடன்பட்டோம்.

கதை 2007 இல் 'ஃபேன்டம் அவர்கிளாஸ்' என்னும் ஆட்டத்தில் தொடர்ந்தது. 2009 இல் வந்த 'ஸ்பிரிட் டிராக்ஸ்', டெட்ரா கண்டடைந்த புதிய நிலத்தில், நூறாண்டுகளுக்குப்பின் நிகழ்கிறது. அங்கே கடலோடிகள் இல்லை. இருப்புப்பாதையில் தொடர்வண்டி ஓடுகிறது. முதல் ஆட்டத்தில், கப்பலின் அடித்தளத்தில் கயிற்றைப் பற்றித் தாவுமாறு லிங்கைச் சோதித்த நிக்கோ என்னும் கடைநிலைக் கொள்ளையன், இங்கே சிற்றூர் ஒன்றில் தாடி நரைத்த கிழவனாக இருக்கிறான். ஆட்டம் தொடங்கும்போது, தன் கையால் வரைந்த படத்தாள்களை ஒவ்வொன்றாக மாற்றிக் காட்டி, அந்த நிலத்தின் பழைய கதையை இளைஞன் ஒருவனுக்கு அவன் சொல்லிக்கொண்டிருக்கிறான்.